சதைக்குள் ஒளிந்திருப்பதைத் தேடுதல்: பலெர்மோவின் தனிமமும் ஒரு பச்சைச் சாயமும்

இருட்டறையில் ஒரு டார்ச் விளக்கை உள்ளங்கைக்கு அடியில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். விரலிடுக்குகளும் விரல்நுனிகளும் செக்கச் செவேலென்று ஒளிரும். சிறுவயதில் எல்லோரும் செய்து பார்த்த விளையாட்டுதான். ஆனால் அந்தச் சிவப்பில் விரல் எலும்பின் நிழல் தெரிவதில்லை என்பதை அனேகமாக யாரும் யோசிப்பதில்லை. ஒளி கையின் மறுபக்கம் வந்துவிட்டது. எலும்பையும் அதைச் சுற்றியுள்ள சதையையும் கடந்துதான் வந்திருக்கிறது. பின் ஏன் எலும்பின் வடிவத்தைச் சுமந்து வரவில்லை? திசு ஒளியியல் என்ற துறை இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

சதை ஒளியைத் தடுக்கிறது என்று பொதுவாகச் சொல்கிறோம். அது பாதிதான் சரி. சதைக்குள் நுழையும் ஒளிக்கு இரண்டு விதமான விபத்துகள் நேரலாம். ஒன்று, ஏதாவது ஒரு மூலக்கூறு அதை விழுங்கிவிடலாம். ரத்தத்திலிருக்கும் ஹீமோகுளோபின் நீலத்தையும் பச்சையையும் ஆவலாக விழுங்கும், சிவப்பை அவ்வளவாகத் தொடாது. கை சிவப்பாக ஒளிர்வது இதனால்தான். இன்னும் சற்று நகர்ந்து அகச்சிவப்பின் தொடக்கத்துக்குப் போனால், ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை, ஹீமோகுளோபினின் பசி அடங்கியிருக்கும். நீரின் பசி இன்னும் தொடங்கியிருக்காது. உடலுக்குள் ஒளி கொஞ்சமாவது நடமாடக் கூடிய சாளரம் இது.

இரண்டாவது விபத்து சிதறல். ஒரு டம்ளர் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டால் தெரியும். பாலில் போட்டால் தெரியாது. பால் ஒளியை விழுங்குவதில்லை. விழுங்கினால் அது கறுப்பாக அல்லவா இருக்கவேண்டும்? உள்ளே போன ஒளியை அதன் கொழுப்புத் துளிகளும் புரதத் துகள்களும் திசைமாற்றித் திசைமாற்றி வெளியே திருப்பி அனுப்புவதால்தான் பால் வெள்ளையாக இருக்கிறது. சதையும் கிட்டத்தட்டப் பால்தான். செல்களின் சவ்வு, உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, கொலாஜன் நார்கள் ஆகியவற்றின் ஒளிவிலகல் எண் சுற்றியுள்ள நீர்மத்தினுடையதிலிருந்து சற்றே மாறுபடுகிறது. அந்தச் சிறு வித்தியாசம் போதும். சராசரியாக 0.1 மில்லிமீட்டருக்கு ஒருமுறை ஒரு ஃபோட்டான் மோதித் திசை மாறுகிறது. ஒவ்வொரு மோதலும் சிறு விலகல்தான், பெரும்பாலும் முன்னோக்கியே போகும். ஆனால் சுமார் ஒரு மில்லிமீட்டர் போவதற்குள் தான் எந்தத் திசையில் கிளம்பினோம் என்பதையே அது மறந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குள் பத்து தடவை மறந்தாகிவிட்டது. மறுபக்கம் வரும் ஒளி ஞாபகமறதிக்காரன் கொண்டு வந்த கடிதம் மாதிரி: வந்து சேர்ந்தது உண்மை, எங்கிருந்து என்று சொல்லத் தெரியாது.

ஆனாலும் மருத்துவர்கள் முயன்று பார்க்காமல் இல்லை. லண்டனில் ரிச்சர்ட் பிரைட் 1831இல், மூளையில் நீர் கோத்திருந்த ஒருவரின் தலை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஊடுருவித் தெரிந்ததைப் பதிவு செய்தார். நீர் சிதறடிக்காது என்பதால் அது சாத்தியமாயிற்று. மேக்ஸ் கட்லர் 1929இல் மார்பகத்தின் பின்னே விளக்கைப் பிடித்துக் கட்டிகளைத் தேடினார். நீர்க்கட்டியா திடக்கட்டியா என்று ஓரளவு பிரித்தறிய முடிந்தது. சிறிய கட்டிகள் தெரியவில்லை. பிறகு எக்ஸ் கதிர் மேமோகிராம் வந்து இந்த முயற்சியை ஓரங்கட்டிவிட்டது.

சதைக்குள் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்க வேறொரு வழி உண்டு. வெளியிலிருந்து வெளிச்சம் பாய்ச்சுவதற்குப் பதிலாக, தேடும் பொருளையே ஒளிரச் செய்துவிடுவது. அந்த வழியின் முக்கியமான ஒரு தொடக்கம் சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த தமிழ் வாசகர்கள் சிலருக்குப் பலெர்மோ அறிமுகமான ஊர்தான். 1980களிலிருந்து யாழ்ப்பாணத் தமிழர்கள் கணிசமாகக் குடியேறிய நகரம் அது. ஊரின் காவல் தெய்வம் போன்றவர் புனித ரொசாலியா. 1624இல் கொள்ளைநோய் ஊரை அழித்துக்கொண்டிருந்தபோது, பெல்லெக்ரினோ மலைக் குகையில் மறைந்து கிடந்த அவருடைய எலும்புகளைக் கண்டெடுத்து ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள் என்பது வரலாறு. இன்றும் அந்த மலைக்கு நடந்து ஏறுகிறவர்களில் தமிழர்கள் நிறையப் பேர். அவர்களில் சைவர்களும் உண்டு. மலைமேல் கோயிலென்றால் நம்மவர்களுக்கு மதம் குறுக்கே வராது போலும். அதே 1624இல் பலெர்மோவில் மாட்டிக்கொண்ட ஓவியர் வான் டைக் ரொசாலியாவை வரைந்த திரைச்சீலை ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது அதன் அடியில் வேறொரு படம் இருந்தது தெரிந்தது: ஓவியர் தம்மையே தீட்டத் தொடங்கியிருந்த முகம். வண்ணப் பூச்சும் சதையைப் போல ஒளியைச் சிதறடிக்கும் ஊடகமே.

இனி விஷயத்துக்கு வருவோம். மெண்டலீவின் தனிம அட்டவணையில் 43ஆம் கட்டம் காலியாகவே இருந்தது. மாங்கனீசுக்குக் கீழே ஒரு தனிமம் இருந்தாக வேண்டும், ஆனால் அகப்படவில்லை. 1925இல் ஜெர்மனியில் ஒரு குழு கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லி 'மசூரியம்' என்று பெயரும் வைத்தது. யாராலும் உறுதிப்படுத்த முடியவில்லை. என்ரிகோ ஃபெர்மியின் மாணவர் எமிலியோ செக்ரே அப்போதுதான் பலெர்மோ பல்கலைக்கழகத்தின் இயற்பியல் பேராசிரியராகியிருந்தார். வசதிகள் குறைந்த ஆய்வுக்கூடம். 1936 கோடையில் அவர் கலிபோர்னியாவின் பெர்க்லிக்குப் போய் எர்னஸ்ட் லாரன்ஸின் சைக்ளோட்ரானைப் பார்த்தார். அதிலிருந்து கழித்துப் போட்ட உலோகத் துண்டுகளை அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டார். 1937இன் தொடக்கத்தில் தபாலில் வந்த உறையில் ஒரு மாலிப்டினத் தகடு இருந்தது. மாதக்கணக்கில் டியூட்ரான்களின் தாக்குதலுக்கு உள்ளாகியிருந்த தகடு.

மாலிப்டினம் 42ஆம் தனிமம். ஒரு புரோட்டான் கூடினால் 43. செக்ரேயும் கனிமவியல் பேராசிரியர் கார்லோ பெர்ரியேயும் அந்தத் தகட்டைக் கரைத்து, பக்கத்துத் தனிமங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து விலக்கினார்கள். மிஞ்சிய கதிரியக்கம் எந்தத் தெரிந்த தனிமத்தோடும் ஒட்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத, எடைபோடவே முடியாத அளவு. வீசும் கதிர் மட்டுமே அதற்குச் சாட்சி. இயற்கையில் தேடித் தோற்றுப்போன தனிமம், மனிதன் செய்த இயந்திரத்தின் கழிவிலிருந்து கிடைத்தது. பலெர்மோவின் லத்தீன் பெயரை வைத்து 'பனோர்மியம்' என்று அழைக்கவேண்டும் என்று பல்கலைக்கழகத்தில் விரும்பினார்கள். 1947இல்தான் பெயர் முடிவாயிற்று: டெக்னீஷியம், கிரேக்கத்தில் 'செயற்கையானது'.

அதே ஆண்டில் அதே ஊரில் இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படுவதில்லை. உடலியல் பேராசிரியர் கமிலோ ஆர்த்தோமுடன் செக்ரேயும் பெர்ரியேயும் சேர்ந்து, கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்து, கொழுப்பு செரிக்கும்போது அது உடலில் எங்கெல்லாம் போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். உயிருள்ள உடலுக்குள் ஒரு பொருளை அடையாளமிட்டு அனுப்பித் தேடும் முறையின் மிக முற்பட்ட சோதனைகளில் இதுவும் ஒன்று.

1938 கோடையில் செக்ரே மீண்டும் பெர்க்லி போயிருந்தபோது முசோலினி அரசு யூதர்களுக்கு எதிரான இனச் சட்டங்களைக் கொண்டுவந்தது. பலெர்மோ வேலை போயிற்று. ஊர் திரும்ப வழியில்லை. இவர் வேறெங்கும் போகமுடியாது என்று தெரிந்ததும் லாரன்ஸ் சம்பளத்தை மாதம் 300 டாலரிலிருந்து 116 டாலராகக் குறைத்தார். செக்ரேயின் தாயை 1943இல் ரோமில் நாஜிகள் பிடித்துச் சென்றார்கள், அவர் திரும்பவில்லை. ஆர்த்தோமும் 1939இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அகதியான அந்த 1938இல்தான் செக்ரே, க்ளென் சீபோர்குடன் சேர்ந்து அதே தனிமத்தின் இன்னொரு வடிவத்தைக் கண்டார்: டெக்னீஷியம்-99எம். ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். 140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் காமா கதிர் ஒன்றை வீசும். இன்று உலகில் நடக்கும் அணு மருத்துவப் பரிசோதனைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு இதை நம்பியே இருக்கின்றன.

140 கிலோ எலக்ட்ரான்வோல்ட் என்ற எண் ஏன் முக்கியம்? இந்தக் காமா கதிர் சதைக்குள் சராசரியாக 6 சென்டிமீட்டருக்கு மேல் நேராகப் போகும். கண்ணுக்குத் தெரியும் ஒளி போவது 0.1 மில்லிமீட்டர். அறுநூறு மடங்கு வித்தியாசம். காமா கதிர் தான் கிளம்பிய இடத்தை மறப்பதில்லை. அதனால் வெளியே வைத்த கருவி கிளம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறது.

இதன் பயன் எங்கே என்பதற்கு மார்பகப் புற்றுநோயை எடுத்துக்கொள்வோம். கட்டியிலிருந்து புற்றணுக்கள் கிளம்பினால் அனேகமாக முதலில் போய்ச் சேரும் இடம் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள். அங்கே பரவியிருக்கிறதா என்று தெரியாததால், முன்பெல்லாம் முன்னெச்சரிக்கையாக அக்குள் முடிச்சுகளை மொத்தமாக வழித்தெடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்துகொண்ட பெண்களில் ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்கிவிடும். நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்குவதால் வரும் வீக்கம், ஆயுளுக்கும் தீராது. வளையல் ஏறாது, ரவிக்கைக் கை நுழையாது, குடம் தூக்க முடியாது. பலருக்கு அந்த அறுவை தேவையே இல்லாமல் நடந்தது என்பதுதான் கொடுமை.

1990களில் ஒரு யோசனை வலுப்பெற்றது. நிணநீர் வழியில் முதலில் வரும் முடிச்சு எது என்று கண்டுபிடித்து அதை மட்டும் எடுத்துச் சோதித்தால் என்ன? அது சுத்தமாக இருந்தால் பின்னாலிருப்பவையும் அனேகமாகச் சுத்தம்தான். ஊர் எல்லையில் நிற்கும் காவல்காரன் என்பதால் அதைக் 'காவல் முடிச்சு' எனலாம். டொனால்ட் மார்ட்டன் 1992இல் தோல் புற்றுநோயில் நீலச் சாயம் கொண்டு தேடினார். டேவிட் கிராக் 1993இல் மார்பகத்தில் டெக்னீஷியம் துகள்களைச் செலுத்தினார். கட்டியருகே ஊசி போட்டால் துகள்கள் நிணநீரோடு ஊர்ந்து போய்க் காவல் முடிச்சில் தங்கும். அறுவை அரங்கில் பேனா போன்ற கருவியை அக்குள்மேல் நகர்த்த, அது கிர்கிர் என்று சத்தமிடும் இடத்தில் கத்தி வைத்தால் போதும். மிலானில் உம்பெர்த்தோ வெரோனேசியின் குழு 516 பெண்களிடம் நடத்திய ஆய்வு 2003இல் வெளியாகி, சிறு கட்டிகளில் இந்த முறை பாதுகாப்பானது என்று காட்டியது. கை வீக்கம் வருபவர்கள் ஏறக்குறைய இருபதில் ஒருவராகக் குறைந்தார்கள்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. டெக்னீஷியத்தைச் சேமித்து வைக்க முடியாது. அதன் தாய்த் தனிமமான மாலிப்டினம்-99 அணு உலையில் செய்யப்பட்டு, 66 மணி நேரத்தில் பாதியாகிக் கரைந்துகொண்டே விமானத்தில் வரவேண்டும். உலகுக்கெல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய பழைய உலைகள்தான் இதைச் செய்தன. கனடாவின் சாக் ரிவர் உலை 2009 மே மாதம் பழுதாகி நின்றபோது உலகெங்கும் பரிசோதனைகள் தள்ளிப்போயின. 2018இல் அந்த உலை நிரந்தரமாக மூடப்பட்டது. அணு மருத்துவத் துறையே இல்லாத மாவட்ட மருத்துவமனைகளுக்கோ இந்தத் தட்டுப்பாட்டால் எந்த நஷ்டமும் இல்லை. அவர்களிடம் அது எப்போதுமே இருந்ததில்லை.

இந்த இடத்தில் ஒளி திரும்ப வருகிறது. இண்டோசயனின் கிரீன் என்றொரு பச்சைச் சாயம், 1950களில் கோடாக் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் உருவாகி, 1959இல் அமெரிக்காவில் மருத்துவ அனுமதி பெற்றது. ஈரல், இதயப் பரிசோதனைகளுக்காக வந்த சாயம். ஏறத்தாழ 800 நானோமீட்டர் ஒளியை வாங்கிக்கொண்டு, அதைவிடச் சற்று நீண்ட அலையில் மினுங்கும். இரண்டுமே முன்பு சொன்ன சாளரத்துக்குள் விழுகின்றன. கதிரியக்கம் கிடையாது, குப்பியில் பொடியாக வைத்திருக்கலாம். அயோடின் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு மட்டும் கவனம் தேவை. 2005இல் ஜப்பானில் இதைக் காவல் முடிச்சுக்குப் பயன்படுத்தினார்கள். ஊசி போட்ட சில நிமிடங்களில், தோலுக்கடியில் நிணநீர்க் குழாய் வெள்ளிக் கம்பிபோல அக்குளை நோக்கி நகர்வது கேமராத் திரையில் தெரியும். கருப்பை, கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், எடுத்த முடிச்சுகளில் 97 விழுக்காட்டைப் பச்சைச் சாயம் காட்டிக்கொடுத்தது. நீலச் சாயம் காட்டியது 47 விழுக்காடுதான்.

ஆனால் வெள்ளிக் கம்பி அக்குள் கொழுப்புக்குள் இறங்கியதும் மங்கி மறைந்துவிடும். தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரை பார்க்கலாம். அதற்குமேல் பழைய பால் டம்ளர்தான். மருத்துவர் குழாய் மறைந்த இடத்தில் கீறி, அதைத் தொடர்ந்து உள்ளே போகிறார்.

கீறாமலேயே ஆழத்தைச் சொல்ல முடியுமா? முடியும், கொஞ்சம் கணக்குப் போடவேண்டும். இருட்டு வீட்டில் எங்கோ ஒரு பந்து மல்லிகை இருக்கிறது என்று வையுங்கள். வாசனை நேர்கோட்டில் வருவதில்லை, பரவி வருகிறது. நான்கு ஜன்னல்களில் நின்று முகர்ந்து, எங்கே எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்று ஒப்பிட்டால் பூ எந்த அறையில் என்று ஊகித்துவிடலாம். திசைகளை மறந்த ஒளியும் வாசனையைப் போலவே பரவுகிறது. இரண்டுக்கும் சமன்பாடு ஒரே வகை. மேலோட்டமாக இருக்கும் ஒளிர்பொருள் தோலில் சிறிய, கூர்மையான பொட்டாகத் தெரியும். ஆழத்திலிருப்பது அகன்று கலங்கிய பொட்டாகத் தெரியும். பிரகாசத்தை மட்டும் பார்த்தால் ஆழமான பெரிய முடிச்சும் மேலான சிறிய முடிச்சும் ஒன்றுபோல் ஏமாற்றும். அகலத்தைப் பார்த்தால் பிடித்துவிடலாம். இரண்டு நிறங்களில் அளப்பது இன்னொரு வழி. அதிகம் விழுங்கப்படும் நிறம் ஆழம் கூடக்கூட வேகமாகக் குறையும். இரண்டின் விகிதம் ஆழத்தைச் சொல்லும். மூன்றாவது வழி நேரத்தை அளப்பது. 5 சென்டிமீட்டர் சதையை நேராகக் கடக்க ஒளிக்குச் சுமார் 230 பிகோ விநாடி போதும். அலைந்து திரிந்து வருவதற்குச் சில ஆயிரம் பிகோ விநாடிகள். யார் எப்போது வந்தார்கள் என்று கணக்கெடுத்தால் எவ்வளவு அலைந்தார்கள் என்று தெரியும். மிலான் பாலிடெக்னிக்கில் இதற்கென்றே பல ஆண்டுகளாக ஒரு வலுவான ஆய்வு மரபு உண்டு.

இந்தக் கணக்குகளுக்கெல்லாம் அடியில் இருக்கும் புத்தகம் நமக்குச் சற்று நெருக்கமானது. சுப்பிரமணியன் சந்திரசேகர் 1950இல் வெளியிட்ட 'ரேடியேட்டிவ் டிரான்ஸ்ஃபர்'. சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்துப் போனவர், சி. வி. ராமனின் அண்ணன் மகன். அவர் எழுதியது விண்மீன்களின் வளிமண்டலத்தில் ஒளி எப்படி விழுங்கப்பட்டும் சிதறியும் வெளியேறுகிறது என்பதைப் பற்றி. மார்பகமும் மூளையும் அவர் எண்ணத்தில் இருந்திருக்க முடியாது. ஆனால் ஓர் இடத்தில், ஒரு திசையில் போகும் ஒளிக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு என்ற அந்தக் கணக்குக்கு விண்மீனும் சதையும் ஒன்றுதான். திசு ஒளியியல் ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் அந்தச் சமன்பாட்டிலிருந்தே தொடங்குகின்றன.

இந்தத் துறையைப் பற்றி வரும் செய்திகளை ஓரளவு சந்தேகத்தோடு படிப்பது நல்லது என்பது என் கருத்து. 'ஒளியால் புற்றுநோயைக் காட்டும் கருவி' என்ற தலைப்பு ஆண்டுக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது. பரவும் ஒளியைக் கொண்டு பிரித்தறியக்கூடிய நுணுக்கம் ஆழத்தில் அரை சென்டிமீட்டருக்கும் ஒரு சென்டிமீட்டருக்கும் இடையில்தான். ஒளியைச் செலுத்தி அது விழுங்கப்படும் இடத்திலிருந்து எழும் ஒலியைக் கேட்கும் ஒளியொலி முறை இதைவிட நம்பிக்கை தருகிறது. சதையில் ஒலி ஒளியைப்போல அலைக்கழிக்கப்படுவதில்லை. 2024இல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் டார்ட்ராசின் என்னும் மஞ்சள் உணவுச் சாயத்தை எலியின் தோலில் தடவி, அதைத் தற்காலிகமாக ஊடுருவித் தெரியச் செய்தார்கள். மிட்டாயிலும் குளிர்பானத்திலும் சேர்க்கும் சாயம்தான். சாயம் நீரின் ஒளிவிலகல் எண்ணைக் கூட்டி, சுற்றியுள்ள கொழுப்பு, புரதங்களோடு சமமாக்கிவிடுகிறது. வித்தியாசம் இல்லையென்றால் சிதறலும் இல்லை. எலியின் தோல் மெல்லியது, நம்முடையது பலமடங்கு தடிமன் என்பதை அந்தச் செய்தியைக் கொண்டாடியவர்கள் மறந்துவிட்டார்கள்.

நம்மவர்கள் கவனிக்கவேண்டிய இன்னொன்று தோலின் நிறம். விரலில் மாட்டி ஆக்சிஜன் அளவு பார்க்கும் சிறு கருவியை கோவிட் காலத்தில் அனேகமாக எல்லா வீடுகளிலும் வாங்கினோம். 1970களில் ஜப்பானில் டகுவோ அவொயாகி உருவாக்கிய கருவி. சிவப்பு, அகச்சிவப்பு இரண்டையும் விரலுக்குள் செலுத்தி ஒப்பிடுகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, ரத்தத்தில் ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்திருந்தும் கருவி 'பரவாயில்லை' என்று காட்டியது வெள்ளை நோயாளிகளில் 3.6 விழுக்காடு, கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு என்றது. மெலனின் சிவப்பை அகச்சிவப்பைவிட அதிகம் விழுங்குகிறது; வெளிர்த்தோலை வைத்தே பெரும்பாலும் அளவு திருத்தப்பட்ட கருவிக்கு அது புரியவில்லை. பச்சைச் சாயம் மினுங்கும் 800 நானோமீட்டருக்கு மேல் மெலனினின் தொல்லை குறைவு, கீறியபின் அறவே இல்லை. ஆனால் புதிய கருவி எதை வாங்கினாலும், யாருடைய தோலில் சோதித்தீர்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

டெக்னீஷியமும் பச்சைச் சாயமும் போட்டியாளர்கள் என்று நினைக்கவேண்டாம். நெதர்லாந்தில் இரண்டையும் ஒரே துகளில் ஒட்டி அனுப்புகிறார்கள்: காமா கதிர் தூரத்திலிருந்து எந்தப் பக்கம் என்று சொல்கிறது, அருகில் போனதும் ஒளி இதோ என்று காட்டுகிறது. இதற்கிடையில் 2023இல் இத்தாலியர்கள் முன்னின்று நடத்திய 'சவுண்ட்' என்ற ஆய்வு, இரண்டு சென்டிமீட்டருக்கு மிகாத கட்டியும் அல்ட்ராசவுண்டில் சுத்தமாகத் தெரியும் அக்குளும் உள்ள பெண்களுக்குக் காவல் முடிச்சையும் தொடாமல் விட்டுவிடலாம் என்று காட்டியிருக்கிறது. ஐந்தாண்டுகளுக்குப் பின் இரு குழுவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெரிய கட்டிகளுக்குத் தேடல் இன்னும் தேவைப்படுகிறது.

பலெர்மோ போகிறவர்கள் தாவரவியல் பூங்காவை ஒட்டிய ஆர்க்கிராஃபி தெருவில் நடந்து பார்க்கலாம். தபாலில் வந்த தகட்டைக் கரைத்த பழைய இயற்பியல் கூடம் அங்கேதான் இருந்தது. பல்கலைக்கழகத்தின் இயற்பியல்-வேதியியல் துறைக்கு இப்போது எமிலியோ செக்ரேயின் பெயரை வைத்திருக்கிறார்கள்.